கெமுந்திங் முளைத்த இடம்

செகுராவின் நாக்கு நாவல்பழம் தின்றது போல் கருத்திருந்தது. கெமுந்திங் பழம் தின்றால் அப்படித்தான் ஆகும். ஆனால் ஊரே ஒரே கூரையின் கீழ் அறை அறையாகக் குடியிருக்கும் இந்த நீளவீட்டுப் பக்கம் கெமுந்திங் ஏது? மிளகுத் தோட்டங்களுக்கு மருந்தடித்தே இந்தக் கரையில் ஒரு செடி விடாமல் கொன்றாயிற்று. அக்கரை இடுகாட்டில்தான் இருக்கிறது. ஆறோ கரைபுரண்டு ஓடுகிறது. படகெல்லாம் கட்டிக் கிடக்கின்றன.

"யாருடி குடுத்தா?" என்றாள் அவள் அம்மா ஜாவாய்.

"அக்கா."

ஜாவாய் பிள்ளையின் வாயை அழுத்தித் துடைத்தாள். மூத்தவள் மெந்தி காய்ச்சலில் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இவர்கள் இபான் ஜனங்கள். இடுகாட்டில் ஒரு செடிமேலும் கத்தி வைக்கமாட்டார்கள். புதைத்துவிட்டு வந்தால் வந்ததுதான். மேலே காடு மூடிக்கொள்ள வேண்டும். அங்கே விளைவது செத்தவர்களின் சாப்பாடு. தின்றவர்களை அவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஜாவாய்க்கு இது தெரியாதா? தெரியும். பெற்ற வயிறு கேட்கவில்லை. பெண்மேல் முள்ளும் கொடியும் ஏறுவதைப் பார்க்கச் சகிக்காமல், கீரை பறிக்கிறேன் என்று படகேறிப் போய்க் குழிமேட்டைச் சுற்றிச் செதுக்கித் தள்ளினாள். கிளைகளையும் கழித்தாள். வெயில் விழுந்த வெறும் மண்ணைக் கண்டால் கெமுந்திங் விடுமா? குருவி எச்சத்தில் வந்த விதை இடுப்புயரம் வளர்ந்து, ஊதாவாகப் பூத்து, பழமும் பழுத்தது. அதைப் பார்த்து இந்தப் பைத்தியக்காரி, மகளே திரும்பி வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டாள்.

"அக்கா வேற என்னடி சொன்னா?"

"அங்க வெயில் ரொம்பச் சுடுதாம். தூங்கவே முடியலையாம். நான் வந்து நிழலுக்கு நிக்கணுமாம்."

பிள்ளையின் நெற்றி கொதித்தது.

பக்கத்து அறைத் தம்போங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "கீரைக்குப் போறவளுக்கு எதுக்குடி இவ்ளோ கூரான கத்தின்னு அன்னைக்கே கேட்டேன். பல்லைக் காட்டிட்டுப் போன. போய்த் தலைவர்கிட்ட சொல்லு. உனக்கு மானம் பெருசா, இவ பெருசா?"

மானம் யாருக்கு வேண்டும்? சொல்லிவிட்டால் அக்கரைக்குப் போக விடமாட்டார்கள். காடு மூடிவிடும். மெந்தி கிடக்கும் இடமே தெரியாமல் போய்விடும். இருந்தும் ஜாவாய் செகுராவைத் தோளில் போட்டுக்கொண்டு தலைவர் உங்காட்டின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் இடுகாட்டுல கத்தி வச்சுட்டேன்."

உங்காட் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"நாளைக்கே பன்னி குத்தி செத்தவங்ககிட்ட மன்னிப்பு கேப்போம்," என்றார். "ஆனா இனி உசிரோட அந்தக் கரையில நீ கால் வைக்கக் கூடாது தாயி."

பன்றி குத்திய அன்றே செகுராவின் காய்ச்சல் இறங்கியது. அடுத்த மழைக்குள் அக்கரை மரங்கள் கிளைவிட்டு மூடிக்கொண்டன. நிழலில் கெமுந்திங் பிழைக்காது. ஆற்றுத்துறைக்கு வரும்போதெல்லாம் ஜாவாய் அந்த ஊதாவைத் தேடுவாள். எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை.

ஒருநாள் ஜாவாய் துவைத்துக்கொண்டிருந்தபோது செகுரா கேட்டாள். "அக்கா ஏம்மா இப்பல்லாம் வர்றதே இல்ல?"

"அவ செத்துட்டாடி," என்றாள் ஜாவாய்.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னவள் துணியை விட்டுவிட்டு, துறையிலேயே உட்கார்ந்து, மகள் அன்றுதான் செத்தது போல அழுதாள்.