கண்ணையன் பாவாவின் டிபன் டப்பா

கண்ணையன் பாவா என்ஜினில் ஏறியதும் முதல் வேலையாக, அவர் மனைவியான என் அக்கா கட்டிக்கொடுத்த டிபன் டப்பாவை அடுப்புக் கதவுக்கு மேலிருந்த இரும்புப் பலகையில் வைத்தார். திருத்தணிப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் அந்த என்ஜினில் கரும்பு இழுத்த காலம் முழுக்க அவர் சாப்பாடு அங்கேதான் சூடாகும்.

நான் டப்பாவை மறந்தே போயிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்கு, சோறே வந்து நிற்கும் என்று தோன்றவில்லை.

ஆலை மூடி இருபது வருஷம் துருப்பிடித்துக் கிடந்த அந்தச் சின்ன நீராவி என்ஜினை, கனகம்மாசத்திரம் ரோட்டில் பூங்கா நடத்தும் முரளிதரன் வாங்கி, பழுது பார்க்க என்னிடம் விட்டார். ஒரு வருஷம் உழைத்தேன். முதல் ஓட்டம் பாவாவுக்குத்தான் என்று அக்காவிடம் வாக்கும் கொடுத்தேன். எழுபத்தாறு வயது மனுஷன் காக்கிச் சட்டையைத் துவைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பாய்லர் சோதனையில் தேறவில்லை. நெருப்பு மூட்டினால் வெடித்துவிடும் என்றார்கள்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீராவிக்குப் பதில் அழுத்திய காற்றில் என்ஜின் ஓடும்படி, நிலக்கரிக்கு அடியில் காற்றுச் சிலிண்டர்களை ஒளித்து வைத்தேன். புகைபோக்கிக்குள் ஈரத் தேங்காய் நாரைப் புகையவிட்டேன். நூறு அடி ஓட அது போதும்.

விழாவன்று டப்பாவை வைத்ததும், பாவா பழைய வழக்கப்படி பாய்லரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினார். எரியும் பாய்லரை ஒரு கணத்துக்கு மேல் தொட்டால் விரல் வெந்துபோகும். இப்போது அவர் உள்ளங்கை அங்கேயே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பிடியை இழுத்தார். என்ஜின் ஓடியது, ஜனங்கள் கை தட்டினார்கள்.

இறங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். வேடிக்கை பார்த்த ஒரு பெண், "சோறு சூடாயிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஆங், கொதிக்குதும்மா," என்றார் பாவா. ஒரு பிடி எடுத்து, ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் சற்றுத் தள்ளிப் போய் நின்றதும், "முன்னாடியே சொல்லியிருக்கணும் பாவா," என்றேன்.

"சொல்லியிருந்தா, சும்மா ஏறிக் கொஞ்ச நேரம் குந்திகினு இருந்துட்டு எறங்கியிருப்பேன் பரணி. எனக்கு அதுவே போதும். இப்போ என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டியே."

அடுத்த பிடியை என் கையில் வைத்தார். சாம்பார் சோறு சில்லிட்டிருந்தது. அந்தப் பெண் இன்னும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஊதினேன்.