துரையின் கழுத்துப் பட்டை

1

“தூங்கும்போது துரையோட நெஞ்சை யாருப்பா ஓட்டுறாங்க?”

என் மகள் ஐந்து வயதில் கேட்டது. துரை கீழ்வீட்டு நாய். வளர்ப்பவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஓடுகிற எதற்கும் ஓட்டுகிறவர் ஒருவர் வேண்டும் என்பது அவள் கணக்கு. “சாமி” என்றேன். பொய்யில்லை, ஆனால் பாதி பதில். மீதியைத் தேடப்போய் இந்தக் கதை கிடைத்தது.

2

முதல் தொடக்கம்: “விலங்குகளின் ரத்த அழுத்தத்தைச் சீராக்குவதில் மூளைத்தண்டின் பங்கு...” (பாடப்புத்தக வாடை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: “அன்று காலை துரை செத்து...” (இதையும் விட்டுவிட்டேன். வாசகரை அழவைக்க ஒரு நாயைக் கொல்கிறவன் அன்று கூடுதலாகப் பிரார்த்திக்க வேண்டியிருக்கும்.)

நடந்ததையே சொல்கிறேன். படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல்கார அம்மா மெஷின் போட்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டால் துரைக்குக் கால் தரையில் நிற்காது. அந்த அம்மா வீசும் துணிப்பந்துக்காகக் கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும். பாய்ந்த வேகத்தில் கால் மடங்கிச் சுருண்டு விழும். சற்று நேரத்தில் எழுந்து வாலாட்டும். அடுத்த தடவை எழாமல் போய்விடுமோ என்று ஓட்டுநருக்கு உயிரே போய்விடும்.

“உங்க மெஷின் சத்தந்தான் அவனுக்கு ஆகல.”

“என் மெஷின் என்ன பேயாண்ணே?”

“பேய் கூட ராத்திரிதான் கத்தும். இது பொழுதன்னைக்கும் கத்துது.”

அந்த அம்மா மெஷின் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றுமுதல் கையால் தைத்தார். கொடுத்த துணிகள் குவிந்தன. கேட்டு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

துரை பூனையைப் பார்த்து இழுத்தது. அப்போதும் விழுந்தது.

3

(ஓட்டுநரைக் கல்நெஞ்சராகத்தான் முதலில் எழுதினேன். பிறகு அவர் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடியது நினைவுக்கு வந்தது. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

மருத்துவர் நெஞ்சைச் சோதித்தார், குறையில்லை. கழுத்துப் பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

“ஏங்க இவ்ளோ இறுக்கியிருக்கீங்க?”

“உருவிக்கிட்டு ரோட்டுல பாஞ்சுட்டான்னா? வண்டி ஓட்டுனவன் டாக்டர் நான். எத்தனை நாயைப் பாத்திருக்கேன். மயங்கி விழ ஆரம்பிச்சதும் பயம் அதிகமாச்சு. விழ விழ ஒவ்வொரு துளையா இறுக்கிக்கிட்டே வந்தேன்.”

“அதனாலதான் விழுறான். கழுத்து ரத்தக்குழாயோட சுவர் எவ்ளோ விரியுதுன்னு மூளைத்தண்டுக்குத் தகவல் போய்க்கிட்டே இருக்கும். ரொம்ப விரிஞ்சா பிரஷர் ஏறிடுச்சுன்னு இதயத்தை மெதுவாக்கி, குழாய்களைத் தளர்த்தும். இறங்கினா வேகமாக்கி இறுக்கும். இவன் இழுக்கும்போது பட்டை அந்த இடத்தை அமுக்குது. பிரஷர் ஏறிடுச்சுன்னு நம்பி மூளைத்தண்டு பிரேக் போடுது.”

“ஏறாத பிரஷருக்கா?”

“ஆமா. பிரேக் நல்லா இருக்கு. தகவல்தான் தப்பு.”

ஓட்டுநரே பட்டையைக் கழற்றினார். கழுத்தில் முடி தேய்ந்து ஒரு வளையம் இருந்தது. அதை விரலால் தடவிக்கொடுத்தார். கயிற்றை இனி மார்பு வாரில் கட்டச் சொன்னார் மருத்துவர்.

(இடையில் ஒன்று. துரை குனிந்து தண்ணீர் குடிக்கும்போதும், படுத்து எழும்போதும், உறங்கும்போதும் அந்த மூளைத்தண்டு ரத்த அழுத்தத்தை நிதானப்படுத்திக்கொண்டே இருக்கிறது. எந்த நாயும் அதற்கு நன்றி சொன்னதில்லை. மிகப் பெரிய கருணைகளை ஆண்டவன் நம் கண்ணுக்கு எட்டாத பிடரிக்குள் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். மகளுக்கான மீதிப் பதில் இதுதான்.)

4

முடிவுகள். ஓட்டுநர் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறார். (மாட்டார்.) அந்த அம்மா தானாக வந்து “பரவால்லண்ணே” என்கிறார். (அது கடனை அந்த அம்மாவே அடைப்பதாகிவிடும்.) தப்பான தகவலை நம்பி ஓட்டுநரும் அல்லவா ஒரு மெஷினை நிறுத்தியிருந்தார்!

ஆகவே இப்படி. தைத்த துணிகளைக் கொடுக்க அந்த அம்மா வெளியே போயிருக்கிறார். ஆணியில் தொங்கும் பெல்ட் காய்ந்து வெடித்திருக்கிறது. ஓட்டுநர் புது பெல்ட்டும் எண்ணெய்க் குப்பியுமாக வருகிறார். படிக்கட்டை அண்ணாந்து பார்க்கிறார், யாராவது இருக்கிறார்களா என்று.

யாரும் பார்க்காமல் செய்ய நினைப்பதை நான் நின்று பார்த்து எழுதலாமா? வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த அம்மா வந்து மெஷினை மிதிக்கும்போது துரை மார்பு வாரோடு பாயும். பிறகு நடப்பதை நீங்கள் எழுதுங்கள்.

எனக்குக் கேட்டதெல்லாம், கீழே ஒரு சக்கரம் சத்தமில்லாமல் சுழல்வதற்குச் சற்று முன், எண்ணெய்க் குப்பியின் மூடி திறந்த ஓசை மட்டும்.