சாதோக்கின் வாக்கு

பிசெர்ட் நகரில் எங்கள் கட்சிக் கிளை ஒரு காப்பிக்கடை மேசையில் அடங்கிவிடும். பெரிய மேசைகூட வேண்டாம். பல பிளவுகளுக்குப் பிறகு நாலு பேர் மிஞ்சியிருந்தோம்: வக்கீல் தொழிலை விட்ட பெஷீர், பள்ளி ஆய்வாளராக ஓய்வுபெற்ற ஹம்மா, தபால் ஆபீஸில் காலம் தள்ளிய என் கணவர் சாதோக், பிரெஞ்சு டீச்சராக இருந்த நான். பழைய துறைமுகத்தைப் பார்த்தபடி, சர்க்கரை கிடைக்காத நாட்களில் கசப்புக் காப்பி குடித்துக்கொண்டு, நாட்டின் அதிபர் இடதுசாரியா வலதுசாரியா என்று ஒரு வருடமாக விவாதித்தோம். அதிபருக்கு இது தெரியாது. தெரிந்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும் என்று மனதார நம்பினோம்.

சிக்கல் இதுதான். கடன் தருகிறவர்கள் ரொட்டி மானியத்தை வெட்டச் சொன்னார்கள். அதிபர் மாட்டேன் என்றார். ஆகவே இடது என்றார்கள் சாதோக்கும் ஹம்மாவும். ஆணுக்குக் கிடைப்பதில் பாதிதான் பெண்ணுக்கு என்ற சட்டத்தை மாற்றி, பரம்பரைச் சொத்தில் சம பங்கு கேட்டோம். அதற்கும் மாட்டேன் என்றார். ஆகவே வலது என்றோம் பெஷீரும் நானும். இரண்டுக்கு இரண்டு. கூட்டம் முடிந்ததும் அதே சண்டையை நானும் சாதோக்கும் வீட்டுக்கு எடுத்துப் போவோம்.

"நாட்டுல பாதி வீட்டுல பங்கு பிரிக்க சொத்தே கிடையாது, நஸீஹா. ரொட்டி எல்லா வீட்டுலயும் இருக்கு," என்பார்.

"எங்கப்பாவுக்கு சொத்து இருந்துச்சு," என்பேன். அண்ணன்களுக்கு ஆளுக்கொரு மாடி கிடைத்தது. என் பங்கில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். அந்த ஃப்ரிட்ஜில் மீனை வைத்தபடிதான் அவர் அதிபருக்கு வக்காலத்து வாங்குவார்.

குளிர்காலத்தில் சாதோக் இறந்தார். மாரடைப்பு. ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோது. இதை ஒரு வாதமாக்காமல் அவருடைய அணி விடாது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. துக்கத்திலும் கட்சிக்காரிதான்.

அடக்கம் முடிந்து, வீட்டில் குர்ஆன் ஓதி, வந்தவர்களுக்கு குஸ்குஸ் பரிமாறினோம். பெஷீர் என் கையைப் பிடித்து நிறைய ஆறுதல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப ரெண்டுக்கு ஒண்ணு, தோழர்," என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. உண்மையான நீர்தான்.

ஒரு வருடமாக நான் விரும்பிய வெற்றி. கணவர் செத்து எனக்குக் கிடைத்த வெற்றி. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்து கிளை கூடியது. வாக்கெடுப்புக்கு முன் ஒரு பழைய விதியை நினைவுபடுத்தினேன்: வர முடியாத உறுப்பினரின் வாக்கைக் கணவனோ மனைவியோ போடலாம். நான் கைக்குழந்தையோடு வீட்டில் கிடந்த காலத்தில் எனக்காக சாதோக் போராடிக் கொண்டுவந்தது.

"அவர் செத்துட்டாரு, தோழர்," என்றார் பெஷீர், மெதுவாக.

"வர முடியலன்னுதான் விதியில இருக்கு. ஏன் வரலன்னு கேக்கல."

ஹம்மா வெகுநேரம் யோசித்து, சாவைப் பற்றி விதிகளில் ஒன்றுமே இல்லை என்று ஒப்புக்கொண்டார். புரட்சி வரும்வரை யாரும் சாகமாட்டோம் என்ற நம்பிக்கையில் எழுதிய விதிகள் அவை.

வலது என்பதற்கு ஒரு கையைத் தூக்கினேன். இடது என்பதற்கு மற்றக் கையை. பெஷீர் விடவில்லை. சாதோக் கடைசிவரை அப்படித்தான் நினைத்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

ஆதாரம் நான்தான். சொத்தே இல்லாத வீடுகளைப் பற்றிப் பேசினேன். மானியம் போனால் எங்கள் தெருவில் எந்தெந்த அடுப்பு அணையும் என்று வீடு வீடாகச் சொன்னேன். சாதோக் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். அவரைப் போலவே கரண்டியால் கோப்பையின் விளிம்பைத் தட்டினேன். என் தரப்பை இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் பேசியதில்லை.

பெஷீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாதோக் இவ்வளவு தெளிவா சொன்னதே இல்லையே," என்றார். பிறகு, "நான் என் வாக்கை மாத்திக்கிறேன்."

மூன்றுக்கு ஒன்று. அதிபர் இடதுசாரி என்று பிசெர்ட் கிளை தீர்மானித்தது. தோற்றது நான் மட்டும், தோற்கடித்ததும் நானேதான். ஹம்மா மிகுந்த மரியாதையோடு என் மாற்றுக் கருத்தைக் குறித்துக்கொண்டார்.

போகிற வழியில் மத்தி மீன் வாங்கினேன். சாதோக் ஜெயித்த செய்தியைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஜெயித்திருந்தால் ஒரு வாரம் என்னைக் கேலி செய்தே கொன்றிருப்பார். மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் தோன்றாத பதில் இப்போது தோன்றியது. சத்தமாகவே சொன்னேன்.

"ரொட்டி வரிசையில நிக்கிறவளுக்குத்தான்யா அந்த இன்னொரு பாதி வீடும் வேணும்."

நல்ல பதில். அடுத்த கூட்டத்தில் மறுவாக்கெடுப்பு கேட்பேன். பெஷீரை என் பக்கம் இழுத்துவிடலாம். சாதோக்கின் வாக்கும் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவர் எப்படிப் போடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.