போகாத மை

அந்தத் தெருவுக்கு வறுமை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை ஒழிக்கத் தொண்டு நிறுவனம் எப்போது வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். வந்த அன்றே சலவைக்கூடத்து வாசலில் ஆளுயரப் பலகை ஒன்றை மாட்டிவிட்டார்கள். அடுத்து, துணி துவைக்கிற பெரிய மெஷின் வந்தது. மெஷினுக்குப் பின்னால் திறன் வளர்ப்புப் பயிற்சி வந்தது. மெஷின் ஒரு தரம் வந்ததோடு சரி. பயிற்சி வந்துகொண்டே இருந்தது.

தலைமைப் பண்பு, குழு ஒற்றுமை, நேர மேலாண்மை என்று ஏதாவது ஒன்று. கக்கத்தில் சுருட்டிய சார்ட் தாளும் சட்டைப்பையில் மார்க்கர் பேனாக்களுமாக வருகிற பயிற்சியாளருக்குப் பெண்கள் சார்ட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். யாரையும் அதட்டமாட்டார். எதைக் கேட்டாலும் பொறுமையாக எழுதிக்கொள்வார். கொடுப்பதுதான் கிடையாது. ஈரத்துணியைத் தலையில் சுமந்து கழுத்து போகிறது, ஒரு தள்ளுவண்டி கொடுங்கள் என்று கேட்டார்கள். "போக்குவரத்துத் திறன்" என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அதற்கும் ஒரு பயிற்சி வந்தது.

அந்தப் பெண்கள் சலவைக் குழுவின் தலைவிக்கு மட்டும் அவர்மேல் தனி மரியாதை. வீட்டில் புருஷனுக்கு அவள் "ஏய்", மாமியாருக்கு "இவளே". முதன்முதலில் அவளை "மேடம்" என்று கூப்பிட்டவர் சார்ட்டுக்காரர். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன்பிறகு அவர் கிழித்த கோட்டை அவள் தாண்டியதில்லை.

அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, அதே குழுவில்தான் இருந்தாள். வாய்த்துடுக்கு. பயிற்சியில் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். ஆனால் லாட்ஜ் வேலையைப் பிடித்து வந்தது அவள்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கும் புருஷனுக்கு மருந்து வாங்கியாக வேண்டுமே. லாட்ஜ் வாசலில் தினமும் போய் நின்று மேனேஜரை நச்சரித்தாள். அவர் தூக்கிப்போடச் சொன்ன கறைபிடித்த விரிப்பு ஒன்றை வாங்கி வந்து, வெள்ளைவெளேரென்று வெளுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். மனுஷர் மசிந்துவிட்டார்.

"இந்த மாசம் பாக்கறேன்," என்றார் மேனேஜர். "ஒரு குறை இல்லாம வந்துச்சுன்னா, புதுக் கட்டடத்துத் துணியும் உங்களுக்குத்தான். மத்தியானம் ஆளுங்க ரூமுக்கு வர்றதுக்குள்ள விரிப்பு வந்துடணும், அவ்வளவுதான்."

புதுக் கட்டடத்துத் துணி என்றால் குழுவில் எல்லோருக்கும் வாரம் முழுக்க வேலை. இடுப்பு ஒடிந்தவனுக்கு மருந்து தட்டாது. அந்த மாதம் கூடத்தில் பெண்கள் பேசிக்கொள்ளவே மறந்து உழைத்தார்கள்.

மாதக் கடைசியில், துணி கொடுக்கிற அன்று காலையில், நிறுவனத்துக்குப் பணம் தருகிற பெரிய மனிதர்கள் குழுவைப் பார்க்க வந்தார்கள். பத்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் எட்டரைக்கே வந்து நின்றார்கள். சார்ட்டுக்காரர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் அங்கும் இங்கும் ஓடினார். சுவரெல்லாம் நீராவி பட்டுக் காறை உதிர்ந்து கிடந்தது. தரை ஈரம். சார்ட் விரிக்க இருந்த ஒரே இடம் இஸ்திரி மேஜை. அதன்மேல் லாட்ஜ் விரிப்புகள் தேய்த்து மடித்து, வரிசையாக அடுக்கியிருந்தன. மூட்டை கட்ட வேண்டியதுதான் பாக்கி.

"இருங்கண்ணே, துணிய எடுத்துடறேன்," என்று ஓரகத்தி எழுந்தாள்.

சார்ட்டுக்காரர் தலைவியைப் பார்த்தார். வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைவிக்கு மானமே போவதுபோல் இருந்தது.

"நீ உக்காரு," என்றாள் ஓரகத்தியிடம். "அதுமேலயே விரிக்கலாம். தாளுதானே, துணிய என்ன தின்னுடவா போகுது?"

தாள் அடுக்குகள்மேல் விரிந்தது. நிறுவனம் அந்த வருஷம் சிக்கனம் பார்த்து வாங்கிய மெலிந்த தாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்களுடைய பலம் என்ன என்று தடித்த மார்க்கரால் எழுத வேண்டும். எழுத்துப் பழக்கமில்லாத கைகள், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி எழுதின. நடுவில் தலைவியே கொட்டை எழுத்தில் "நம் பலம் ஒற்றுமை" என்று எழுதி, அதன்மேல் இன்னொரு தடவை பேனாவை ஓட்டினாள். பெரிய மனிதர்கள் கை தட்டினார்கள். ஓரகத்தி மட்டும் எழுதவில்லை. "என் பலம் கழுத்துலதான் இருக்கு, அதை எப்படி எழுத?" என்றாள். அதற்கும் கை தட்டினார்கள்.

படம் எடுக்க எல்லோரும் வாசலுக்குப் போனபோது தலைவி சார்ட்டைச் சுருட்டப் பின்தங்கினாள். தாளைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு அடுக்கின் மேல் விரிப்பிலும் மை இறங்கியிருந்தது. நடு அடுக்கில் "நம் பலம் ஒற்றுமை" பளிச்சென்று இருந்தது. இவள் இரண்டு தடவை எழுதியது அல்லவா, அது ஆழமாகவே இறங்கியிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஓடிப்போய் ஓரகத்தியிடம் சொல்லி, கெட்டதை எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தனுப்பி, மேனேஜரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். ஆனால் வாசலில் பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். ஓரகத்தி வாயைத் திறந்தால் தெருவே கூடிவிடும். "மேடம், படத்துக்கு வாங்க," என்று சார்ட்டுக்காரர் வேறு கூப்பிட்டார். தலைவி பரபரவென்று மேல் விரிப்புகளைப் பிரித்து, கறை உள்ளே போகும்படி திருப்பி மடித்து, அடுக்குகளுக்கு நடுவில் செருகினாள். பிறகு போய்ப் படத்தில் நடுவில் நின்று சிரித்தாள். நாளைக்கு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நேர மேலாண்மை படித்தவள் ஆயிற்றே.

ஓரகத்தி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு லாட்ஜுக்கு ஓடினாள். சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தும்விட்டாள். அறைக்கு ஆள் வந்து காத்திருக்க, மேனேஜரே நின்று கட்டிலில் விரிக்கச் சொன்னார். விரித்தார்கள். அவர் வாய்விட்டு வாசித்தார்.

"நம் பலம் ஒற்றுமை. இதுமேல படுத்தா வந்தவருக்கு ஒத்துமை வந்துடுமாம்மா?"

அவ்வளவுதான். புதுக் கட்டடமும் போயிற்று, பழையதும் போயிற்று. கெட்ட விரிப்புகளை அவர்கள் தலையிலேயே கட்டி அனுப்பினார். ஓரகத்தி வெயிலில் நடந்து திரும்பி வந்து, மூட்டையை மேஜைமேல் போட்டாள். அவள் கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கத்தவில்லை.

"கறை பட்டது தெரியாம நடந்துருக்கும்," என்றாள் மெதுவாக. "உள்ள திருப்பி மடிச்சிருக்கே, அது தெரியாம நடக்காது. யாரு மடிச்சது?"

தலைவி மூட்டையை அவிழ்த்து விரிப்புகளை எண்ணத் தொடங்கினாள். ஓரகத்தி அவளைப் பார்த்தாள்.

"சரிங்க, மேடம்," என்றாள்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டவள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை.

மார்க்கர் மை எந்தச் சலவைக் காரத்துக்கும் போகவில்லை. துணி வராத மெஷின் சும்மா கிடக்கிறதே என்று நிறுவனம் அதை வேறொரு தெருவுக்குக் கொண்டுபோனது. குழுவின் திறன் வளர்ந்துவிட்டது, இனி சொந்தக் காலில் நிற்கும் என்று அறிக்கை எழுதினார்கள். பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். லாட்ஜ் துணி இப்போது போகிற பெரிய சலவைக் கம்பெனியில் ஓரகத்தி தினக்கூலிக்கு நிற்கிறாள். அதே விரிப்புகளைத்தான் மடிக்கிறாள்.

தலைவிக்கு மட்டும் ஒரு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் மற்ற குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. ஒற்றுமை பதிந்த விரிப்பைப் பார்த்த சார்ட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "இதைவிடப் பொருத்தமான பேனர் கிடைக்குமா, மேடம்?" என்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் அது அவள் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது.

நேற்றுப் போன இடத்தில் காகிதப் பை ஒட்டுகிற பெண்கள். பேசி முடித்ததும் ஒருத்தி எழுந்தாள்.

"இப்ப உங்க குழுவுக்கு எங்கேருந்து துணி வருது, மேடம்?"

"வரல."

"அப்ப என்ன வேலை பண்றீங்க?"

"உங்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலை," என்றாள் தலைவி.

நல்ல வேடிக்கை என்று பெண்கள் சிரித்தார்கள். சார்ட்டுக்காரரும் சிரித்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

கையில் வந்த கூலியில் கொழுந்தனுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஓரகத்தி அடுப்படியில் இருந்தாள். தலைவி மருந்தை நீட்டினாள்.

"வாங்கிக்கம்மா. அவருக்குத்தானே."

ஓரகத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மருந்தைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"வச்சுட்டுப் போங்க, மேடம்," என்றாள். "குழுவைக் கூட்டி, எல்லாரும் ஒத்துமையா முடிவு பண்ணிச் சொல்றோம்."