சட்டைக்கைக்குள் கறுப்பு நாடா

1.
எங்கள் ஊர் அரண்மனைக் கூடத்தில் தொங்கும் ஒரு பழைய நிச்சயதார்த்தப் படம்தான் இந்தக் கதைக்குக் காரணம். பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் ஒரே மூக்கு. எல்லோரும் கேமராவைப் பார்க்க, மணப்பெண் இளவரசி ஓட்டிலி மட்டும் தன் அம்மாவின் சட்டைக்கையைப் பார்க்கிறாள். ஏன்? தெரியாததால்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் கற்பனை.*

2.
முதல் தொடக்கம்: வசந்தகாலக் காலை ஒன்றில் ஓட்டிலி தோட்டத்தில்...

(வேண்டாம். தோட்டத்தில் விட்டால் பூப்பறிக்கப் போய்விடுவாள்.)

இரண்டாவது: ஓட்டிலிக்கு மாப்பிள்ளை வீட்டின் மேல் சந்தேகம். எகோன் நல்லவன்; சிரிக்க வைப்பான். ஆனால் அவன் அண்ணன்கள் இருவரும் பள்ளி வயதில், சின்னக் காயத்தில் ரத்தம் நிற்காமல் இறந்தவர்கள்.

"எகோன் உனக்கு ஒரு வழியில மாமா முறை, இன்னொரு வழியில அண்ணன் முறை," என்றாள் சித்தி ஹெட்விக், காபியில் கேக்கை நனைத்தபடி. "கல்யாணத்துக்குத் தனியா ஆள் கூப்பிடவே வேணாம். இருக்கிறவங்களே ரெண்டு பக்கமும் மாறி மாறி உக்காந்துக்கலாம்."

"விளையாடாதீங்க சித்தி. அவங்க ரத்தத்துல ஏதோ இருக்கு. நம்ம பக்கம் எந்தப் பையனுக்கும் நாம கறுப்பு உடுத்தினதே இல்லையே."

ஓட்டிலி உறவுகளைக் கற்றதே கறுப்புத் துணியில்தான். எந்த நாட்டு அரண்மனையில் சாவு விழுந்தாலும் இங்கே துக்கம்: நெருங்கிய உறவென்றால் முழு உடை, தூரமென்றால் கையுறை மட்டும்.

"கைக்குழந்தைக்குத் துக்க உடை கிடையாதுடி. அரண்மனை விதி. உங்கம்மா சட்டைக்கைக்குள்ள என்ன கட்டியிருக்கான்னு பாத்திருக்கியா?"

[சித்தியை நான் நம்பவில்லை. கல்யாணம் ஆகாதவள், பொறாமையாக இருக்கலாம். அவளை நீக்கி எழுதிப் பார்த்தேன்; கதை நகரவில்லை. மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தேன்.]

"உனக்கு முன்னாடி ஒரு பையன் இருந்தானே."

"காய்ச்சல்ல போனவனா?"

"காய்ச்சல்னு சொன்னோம். உதட்டுல சின்ன வெட்டு. ரத்தம் நிக்கவே இல்ல."

"அப்போ எகோன் வீட்டுல இருந்து நமக்கு..."

"எகோனோட அம்மா யாரு? எங்கம்மா கூடப் பொறந்தவ. எல்லாம் எங்க பாட்டி கொடுத்த சீதனம். பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பெத்துக்கிற பசங்களுக்குத்தான்."

எகோனைச் சந்தேகிப்பது ஓட்டிலிக்குச் சுலபமாக இருந்தது; இப்போது தன் ரத்தத்தையே சந்தேகிக்க வேண்டும்.

3.
படமெடுக்கும் அன்று அவள் கேட்டாள்: "அம்மா, அண்ணனுக்கு வந்தது காய்ச்சலா?"

அம்மா சட்டைக்கையை இழுத்துவிட்டாள். "நேரா நில்லு. மோதிரத்தைப் போடு."

"நம்ம பக்கமும் இருக்குன்னு எகோனுக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டும் யார் சொன்னா? நான் கட்டிக்கலையா? தெரிஞ்சாலும் அவன் வேற எங்க போய்ப் பொண்ணு எடுப்பான்? எல்லா வீடும் ஒரே வீடுதானே."

4.
முடிவு ஒன்று: மோதிரத்தைக் கழற்றி வீசுகிறாள். (துணிச்சலான முடிவு. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.)

முடிவு இரண்டு: கல்யாணம். ஆண் குழந்தை. நடக்கப் பழகுகிறான். தரை முழுக்க மெத்தை விரித்து...

(இதற்கு மேல் எழுதவில்லை.)

படத்தில் அவளுடைய இடது கை அம்மாவின் பாவாடை மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. மோதிரம் இருக்கிறதா என்று தெரியாது. எகோன் சிரிக்கிறான், அவனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்காக நீங்கள்தான் மீதியை எழுத வேண்டும். முதல் சொல்லை மட்டும் அவள் வாயில் வைத்துவிட்டுப் போகிறேன்:

"எகோன்,

* சித்தியின் மூக்கு கற்பனையல்ல. படத்தில் இருக்கிறது.