நாலு விரற்கடை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், டோல்கேட்டில் ஒரு மணி நேரமாக பஸ் வராதது. இதில் என் கற்பனைக்கு இருக்கும் பங்கு அந்த பஸ்ஸுக்கு இருக்கும் பங்கைவிடக் குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நிறுத்தத்துக்கு எதிரே அத்தாவுல்லா பாயின் காயலான் கடை. துருப்பிடித்த இரும்புக்கு நடுவே ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“இன்னா நைனா, நீ கதை எழுதறவனாமே. ஒரு கதை கீது. எழுதறியா?”

எழுதுகிறவனைக் கண்டால் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பேர் கடைசியில் தங்கள் மூலநோயில் கொண்டுபோய் முடிப்பார்கள். நான் ஒரு காதை அவரிடமும் ஒரு கண்ணை ரோட்டிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு வருஷத்துக்கு முன், அறுபத்தேழில், அவருடைய தோஸ்து அம்புரோஸ் ஒரு ஜீப்பை வீட்டு வாசலிலேயே வைத்து உயர்த்திய கதை. பாதி சொன்னார். “காத்தால வண்டிய ஸ்டார்ட் பண்ணான்” என்ற இடத்தில் நிறுத்தினார். டீ கிளாஸைக் கழுவினார். “அவ்ளோதான்” என்று உள்ளே போய்விட்டார்.

அப்போது பஸ் வந்தது. நான் ஏறவில்லை. மீதிக் கதைக்காக அங்கேயே நின்றேன்.

(பொய். ஏறினேன். ஜன்னலோர இடமும் கிடைத்தது. ஆனால் திருவொற்றியூர் வரை அந்த ஜீப் என் பஸ்ஸுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இது பொய்யில்லை.)

2

தொடக்கம் ஒன்று: ராயபுரத்தில் வெளிச்சம் வருவதற்கு முன்பே துறைமுகத்தின் சங்கு—

வேண்டாம். சங்கு ஊதினால் அடுத்து நான் தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிடுவேன்.

தொடக்கம் இரண்டு: அம்புரோஸ் துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டர். எது ஆடினாலும் அவன் கை சும்மா இருக்காது. பூசையில் முழங்காலில் இருக்கும்போதுகூட முன் பெஞ்சின் ஆணி தளர்ந்திருப்பது அவன் கண்ணில்தான் படும்.

இது இருக்கட்டும்.

ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்று அத்தாவுல்லா கடையில் எலும்புக்கூடாகக் கிடந்தது. அம்புரோஸ் அதை வீட்டுக்கு இழுத்து வந்து, ஒவ்வொரு உறுப்பாகத் தேடிப் பொருத்தி ஓட வைத்தான். ஸ்டியரிங் இடது பக்கம். கதவு கிடையாது. தெருவில் அதற்கு ‘மிலிட்டரி’ என்று பெயர்.

அவன் மனைவி வியாகுலம்மாள் முகத்துவாரக்குப்பத்துப் பெண். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை. அடைக்கலமேரி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதினோரு நாள் இருந்தது. குப்பத்துக் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

(இந்த இடத்தில் ஒரு பெரிய பத்தி எழுதி, அடித்துவிட்டேன். பதினோரு நாள் என்பதே போதும்.)

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, செத்தவர்களோடு ஒரு பொழுது உட்கார்ந்திருக்கும் நாள். இந்தத் தேதியைக் குறித்தவர் எவரோ, அவருக்கு மெட்ராஸ் மழை தெரியாது.* எண்ணூரில் தார் ரோட்டை விட்டு இறங்கினால் குப்பம் வரை மண்பாதை. உப்பள லாரிகளின் சக்கரம் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் நீளமாக ஒரு மேட்டை விட்டுவைத்திருக்கும். அறுபத்தாறு கல்லறைத் திருநாளில் அந்த மேட்டின் மேல் ஜீப்பின் வயிறு உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சேற்றில் சும்மா சுற்றின.

முந்நூறு அடி தூரத்தில் சிலுவைகள் தெரிந்தன. வியாகுலம்மாள் சீட்டில் உட்கார்ந்தபடியே, முன்கண்ணாடியின் மறைவில் ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றினாள். அது தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போலாம்” என்றாள்.

அவள் அழுதிருந்தால் அம்புரோஸ் தாங்கியிருப்பான். மாடு கட்டி வண்டியை இழுப்பதற்கு முன், அவன் ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, மேட்டின் பக்கத்தில் ஊன்றி, அதன் உயரத்தைக் கத்தியால் கீறிக்கொண்டான். அந்தக் குச்சி வருஷம் முழுக்க வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது.

* திருச்சபையின் மேல் குற்றமில்லை. மழையின் மேலும் இல்லை. அதனதன் காலண்டரை அதது பார்க்கிறது.

3

நீங்கள் கேட்பீர்கள்: முந்நூறு அடிதானே, இறங்கி நடந்தால் என்ன?

நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பாய் சொன்னதில் அதற்குப் பதில் இல்லை. கதையில் ஓட்டை தெரிந்தால் எழுதுகிறவன் கையில் கிடைத்ததை வைத்து அடைப்பான். நான் ஒரு முட்டியை வைத்து அடைத்தேன். வியாகுலம்மாளுக்கு வலது முட்டி மடங்காது. குழாயடியில் வழுக்கி விழுந்தாள். (சுமாரான காரணம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

முட்டி வந்ததும் அவளுக்கு உயிர் வந்துவிட்டது. அவள் ஜீப்பில் ஏறும் விதம் என் கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் வண்டிக்கு முதுகைக் காட்டி சீட் ஓரத்தில் உட்காருவாள். பிறகு உடம்பைத் திருப்புவாள். கடைசியாக, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, யாரோ கொடுத்தனுப்பிய சாமானைப் போல உள்ளே வைப்பாள்.

இதை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்கான தண்டனை ஐந்தாம் பகுதியில் வருகிறது.

4

அக்டோபர் கடைசி ஞாயிறு. அம்புரோஸ் பூசையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, அத்தாவுல்லா ஒரு கோணி மூட்டையோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். மூட்டைக்குள் எட்டு ஸ்பிரிங் பட்டைகள், வேறு இரண்டு செத்த ஜீப்புகளிலிருந்து கழற்றியவை. சூடு காட்டாமல் பச்சையாகவே அடித்து வளைத்திருந்தார். சூடு காட்டினால் பட்டையின் முறுக்குப் போய்விடும். அவற்றை இறுக்கிக் கட்ட நீளமான யூ போல்ட்டுகள்.

(சக்கரத்துக்குப் பக்கத்தில் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்காக இருந்து வண்டியைத் தாங்குகின்றன. அடுக்கில் பட்டை கூடினால் வில் விறைக்கும், வண்டி உயரும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இதைப் புரியவைக்கவே பாய்க்கு மூன்று டீ தேவைப்பட்டது.)

“சக்கரத்துக்கு ஒரு பட்டை போதும் பாய்” என்றான் அம்புரோஸ். “ரெண்டு விரக்கடை ஏறினா மேட்டத் தாண்டிடும்.”

“போன வருசம் அது மேடு. இந்த வருசம் மலையா கீது. ரெண்டு போடு மாமு. நாலு விரக்கடை. அப்பால கடலே குறுக்க வந்தாலும் ஜம்முனு போவும்.”

அம்புரோஸ் குச்சியைப் பார்த்தான். ரெண்டு போட ஒத்துக்கொண்டான்.

வியாகுலம்மாள் வாசலோரம் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்பேனர்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, ரயில்வே கட்டைத் துண்டுகளை அடியில் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அம்புரோஸ் வண்டிக்கு அடியில் போனான். அதன் பிறகு ஸ்பேனரின் அளவைச் சொல்லிக் கேட்கும் குரலும் நீட்டிய கையும் மட்டும் வெளியே வரும்.

“ஒம்போது பதினாறு.”

கொடுத்தாள்.

“இது அஞ்சு எட்டு. லூசா கீது.”

“ஒம்போது பதினாறுதான். நட்டுதான் தேஞ்சி பூட்டுது.”

கை உள்ளே போயிற்று. பிறகு நட்டு சுற்றும் சத்தம்.

“இன்னா மாமு, பதிலே காணோம்?” என்றார் பாய். “ஹார்பர்ல ஆள மாத்தி எடுத்துட்டானுங்க.”

பழைய அடுக்கைப் பிரித்தபோது பட்டைகள் படீரென்று விரிந்து அம்புரோஸின் கட்டைவிரல் நகம் கறுத்தது. அவன் அதை வாயில் வைத்துக்கொண்டே அடுத்த பட்டையைச் செருகினான். மதியத்துக்குள் முதல் சக்கரம் தரையில் இறங்கியது. அந்த ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு, ஜீப் ஒரு காலை உயர்த்திய நாயைப் போல நின்றது.

வியாகுலம்மாள் பார்த்தாள்.

“ரொம்ப ஒசரமா கீதே.”

“பின்ன?” என்றான் அம்புரோஸ், மல்லாந்தபடி, பல்லெல்லாம் தெரிய.

அவள் அடுத்த ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிரேக் குழாய் எட்டவில்லை, நீளமானது போட்டான். பொழுது சாய்வதற்குள் நாலு சக்கரமும் முடிந்தன. அம்புரோஸ் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து குச்சியை எடுத்து வந்து வண்டியின் வயிற்றுக்கு அடியில் நிறுத்தினான். கீறலுக்கும் இரும்புக்கும் நடுவில் அவனுடைய கை தாராளமாக நுழைந்தது. கையை நுழைத்து நுழைத்து எடுத்தான்.

5

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி, ஆனந்தமாக வெற்றிலை போட்டுக்கொண்டு மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன்.

‘முதலில் வண்டிக்கு முதுகைக் காட்டி சீட் ஓரத்தில் உட்காருவாள்.’

அந்த சீட் இப்போது நாலு விரற்கடை மேலே இருக்கிறது.

அம்புரோஸ் மேட்டை அளந்தான், வண்டியை அளந்தான். அவளை அளக்கவில்லை. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அந்த முட்டியை வைத்தவனே நான்தான், நானே மறந்துவிட்டேன்.

ஆனால் அவள்? ‘ரொம்ப ஒசரமா கீதே’ என்பதை நான் யோசித்து எழுதவில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கிறாளே, ஏதாவது பேசட்டும் என்று எழுதியது. இப்போது அது வேறு மாதிரி கேட்கிறது. முதல் சக்கரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. தெரிந்துமா மற்ற மூன்று சக்கரத்துக்கும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்?

அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்து ஒரு வருஷமாகியிருந்தது என்று எழுதினேன். அடித்தேன். திரும்பவும் எழுதினேன்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது: முட்டியை எடுத்துவிடலாம். ஒரு கோடு கிழித்தால் அவள் எழுந்து நடப்பாள். பேனாவைக் கையில் எடுத்தேன். அதற்கு முன் பாயை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இந்த முறை இறங்குவதற்காகவே டோல்கேட்டுக்கு பஸ் ஏறினேன்.

6

“பாய், ஒரு தப்பு நடந்துபோச்சு. கதையில அந்தம்மாவுக்கு முட்டி மடங்காதுன்னு எழுதிட்டேன். குழாயடியில விழுந்ததா. இப்ப வண்டியில ஏற முடியல.”

அத்தாவுல்லா இரும்பு உடைப்பதை நிறுத்தினார்.

“யாரு சொன்னது உனுக்கு?”

“யாரும் சொல்லல. நானா—”

“அம்புரோசு சொன்னானா?”

“நான் அவரைப் பார்த்ததேயில்ல பாய்.”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே என் பஸ் வந்து நின்று போயிற்று.

“குழாயடி இல்ல நைனா. அறுவத்தஞ்சுல, அதே பாதையில. அப்போ வண்டி ஓடல. நடந்தே போறேன்னு மழையில எறங்கிச்சி. அந்தப் பள்ளத்துல வுழுந்து முட்டி பூட்டுச்சி.”

“அன்னிக்கு ஏன் சொல்லல?”

“அத்த சொன்னா, ரெண்டு பட்டை போடுன்னது யாருன்னு கணக்கு வருமே.”

மீதியையும் சொன்னார். கல்லறைத் திருநாள் அன்று காலை, அவர்களை வழியனுப்பலாம் என்று ராயபுரம் போய், தெருமுனையிலிருந்தே பார்த்திருக்கிறார். தூறல். அம்புரோஸ் ஸ்டியரிங்கில் இருந்தான். ஈரத்தில் அந்த எஞ்சின் சண்டித்தனம் பண்ணும். மிதியிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். மிதித்தபடி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வியாகுலம்மாள், கையில் பூப் பொட்டலமும் மெழுகுவத்தியும்.

“முதுவக் காட்டி ஒருக்கா ஒக்காரப் பாத்திச்சி. எட்டல. இன்னொருக்கா பாத்திச்சி. அப்பால வண்டி மேல கைய வெச்சிகினு சும்மா நின்னுச்சி. அவனக் கூப்புடல. அந்த மண்ணெண்ணெ டின்னு வாசல்லயே கவுந்து கீது. டின்னு மேல காலு வெச்சா ஏறிடலாம், குனிஞ்சி எடுக்கத்தான் அதால ஆவாது. நான் போயி எடுத்துப் போட்டிருக்கலாம். போட்டா, நான் பாத்துட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். அவனுக்கும் தெரிஞ்சிடும். நான் திரும்பி நடந்து வந்துட்டேன்.”

“அப்புறம்?”

“தெர்ல. ஏழு வருசமா வாரத்துக்கு ரெண்டு வாட்டி பாக்கறோம். ஊர்ல கீற எல்லாத்தையும் பேசறோம். அத்த நான் கேக்கல. அவனும் சொல்லல.”

அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

7

ராயபுரம் பக்கம்தான். போய்க் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிவு கிடைத்துவிடும். நண்பரே கேட்காததை நான் எந்த முகத்தோடு கேட்பது? ஆகவே வீட்டில் உட்கார்ந்து முடிவுகள் செய்து பார்த்தேன்.

ஒன்று: அம்புரோஸ் திரும்பிப் பார்க்கிறான். குதித்து ஓடி வந்து, மழையில் அவளை இரண்டு கையாலும் ஏந்தி— (நிறுத்திவிட்டேன். எனக்கே வயலின் கேட்க ஆரம்பித்துவிட்டது.)

இரண்டு: பட்டைகளைத் திரும்பக் கழற்றுகிறான். வண்டி இறங்குகிறது, அவள் ஏறுகிறாள், மேட்டில் வயிறு உட்காருகிறது. மறுபடி முந்நூறு அடி.

மூன்று: “நீ போயி வத்திய ஏத்திட்டு வா. நான் வூட்லயே ஏத்திக்கிறேன்.”

மூன்றாவதை நான் யோசிக்கவேயில்லை. அவள் குரலிலேயே வந்து விழுந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது. ‘போலாம்’ என்று சொன்னவள் இதையும் சொல்லக்கூடியவள். இன்னும் சொல்லவில்லை. கதையை இந்த இடத்திலேயே வைத்திருக்கும்வரை சொல்லமாட்டாள்.

அந்தத் தெருமுனையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பஸ் வந்ததும் ஏறிப் போனவன் நான். உங்களை எனக்குத் தெரியாது. இந்தக் கதைக்கு மிச்சமிருக்கும் நம்பிக்கை அது ஒன்றுதான்.

தூறிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது. அம்புரோஸ் இன்னும் கண்ணாடியைத் துடைக்கிறான். வியாகுலம்மாளின் ஒரு கை வண்டியின் மேல் இருக்கிறது. டின் நாலாம் பகுதியில் வைத்த இடத்திலேயே, வாசலோரம் கவிழ்ந்திருக்கிறது. காலி டின்தான், கனம் இருக்காது. அவள் ஏறி உட்கார்ந்ததும் அதை எடுத்து அவள் காலடியில் வைத்துவிடுங்கள். அங்கே போய் இறங்கவும் வேண்டுமே.