தினம் ஒரு தடவை கேட்க வேண்டியது

லிப்ட் மெக்கானிக்கே ஐந்து மாடியும் படியேறி மூச்சு வாங்குகிறார் என்று எங்கள் குடியிருப்பில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வாயை யார் மூடுவது? கூட வேலை பார்த்த தம்பி, என் கொழுந்தன், லிப்ட் குழிக்குள் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என் வீட்டுக்காரர். அன்றோடு இவருக்கு லிப்டும் போச்சு, தூக்கமும் போச்சு.

நூலகத்துக்குப் பின்னால் இருந்த மனநல மையத்துக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். ஆலோசகர் என்னைவிடச் சின்னப் பெண். இவள் என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் எதையும் தலையில் கட்டவில்லை. தூங்குகிறாரா, குடிக்கிறாரா, சாகத் தோன்றுகிறதா, வீட்டில் யார் யார் என்று துருவித் துருவிக் கேட்டாள்.

"ரெண்டு வழி இருக்கு சார். நடந்ததைத் தொடாம மூச்சையும் தூக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணலாம். நிதானமாத்தான் போகும். இன்னொண்ணு, நடந்ததை ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லணும். அதை உங்க போன்ல பதிவு பண்ணி, வீட்டுல தினம் ஒரு தடவை கேக்கணும். முதல்ல ரொம்ப வலிக்கும். போகப் போக பயம் குறையும். உங்களுக்குக் குடி இல்ல, துணைக்கு இவங்க இருக்காங்க, உங்களால தாங்க முடியும்னு நினைக்கிறேன். ஆனா முடிவு உங்களோடது."

"ரெண்டாவது," என்றார் இவர். யோசிக்கக்கூட இல்லை.

அந்தப் பதிவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கொழுந்தன் விழுந்ததும் சாகவில்லை. இருட்டுக்குள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எங்களோடு இருக்கும் மாமியாரிடம் மட்டும், "உடனே உயிர் போயிடுச்சு, வலிச்சே இருக்காது" என்று சொல்லி வைத்திருந்தோம். பொய்தான். பெற்றவளிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

"காதுல மாட்டிக்கிட்டு தனியா கேளுங்க," என்று ஆலோசகர் சொல்லி அனுப்பினாள். அத்தனை கேட்டவள், இவரால் காதை அடைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆத்திரம்தான். தம்பி விழுந்த அன்றிலிருந்து இவருக்குக் காது திறந்தே இருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டுக் கேட்காமல் போய்விட்டால்? அதனால் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனைச் சத்தமாக வைத்துக் கேட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது என்று நம்பினோம்.

முதல் வாரம் வாந்தி. அப்புறம் அழுகை. அப்புறம் அழுகையும் நின்றது. ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டே சவரம் செய்துவிட்டு வந்தார். கொஞ்ச நாளில் லிப்டிலும் ஏறினார். "என்ன சார், லிப்ட்ல ஏதாவது ரிப்பேரா?" என்று கீழ்வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நான் மூலையில் திரும்பி நின்று அழுதேன்.

"இனிமே அதைக் கேக்க வேண்டியதில்ல சார். வேணும்னா அழிச்சிடுங்க," என்றாள் ஆலோசகர். மையத்து வாசலிலேயே அழித்துவிட்டார். எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது.

அன்று மாலை இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள யாரும் இல்ல அத்தை, நீங்க போங்க."

"நான் அதுக்கு உக்காரலம்மா. இன்னைக்கு அவன் அதைப் போடலியா?"

இவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எத்தனை நாளா கேக்குறீங்கம்மா?"

"முதல் நாள்லேருந்துதான். அன்னைக்கு செத்துடலாம் போல இருந்துச்சு. நான் ஏதாவது சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு வாயைத் திறக்கல."

"எனக்குச் சரியாயிடுச்சும்மா. இனிமே கேக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

"சந்தோஷம்ப்பா." நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஆனா அழிச்சிடாதடா. பேசறது நீதான். அந்த 'அம்மா' மட்டும் அவன் கூப்பிடற மாதிரியே இருக்கு."

இவர் என்னைப் பார்த்தார். அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தம்பி கூப்பிட்ட மாதிரியே கூப்பிட ஆரம்பித்தார்.